அரிசி ஆலை இயந்திரத்துக்கான இறக்குமதித் தீர்வை: முகவரின் கணக்கும் எங்கள் கணக்கும் ஏன் பொருந்தவில்லை?

பரந்தன் ஆலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பரந்தனில் நாங்கள் சிலர் கூட்டாக நடத்தும் சிறிய அரிசி ஆலையில் சிவப்பு நாட்டரிசியும் புழுங்கலரிசியும் குற்றி விற்கிறோம். காலபோக அறுவடையில் மழை பட்ட நெல் வரும்போது நிறம் மாறிய மணிகளும் கறுப்புப் புள்ளி விழுந்த மணிகளும் கூடுதலாகக் கலந்துவிடுவதால், கொழும்பு வியாபாரிகள் அதையே காரணமாகக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள். எனவே கலர் சோட்டர் எனப்படும் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை நேரடியாக இறக்குமதி செய்வது பற்றி ஆலோசித்து வருகிறோம்.

சீனாவின் ஹெஃபெய் நகரத்து உற்பத்தியாளர் ஒருவர் 9,200 அமெரிக்க டொலர் விலை தந்துள்ளார். இது சங்ஹாய் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான எப்.ஓ.பி. விலை. இந்த விலைக்குள் இயந்திரத்துடன் ஒரு கொம்பிரசரும் சில உதிரி பெல்ற்றுகளும் பெயரிங்குகளும் அடங்கும். கொழும்பிலுள்ள சுங்க முகவர் ஒருவரிடம் வரி எவ்வளவு வரும் என்று கேட்டோம். சுங்கத் தீர்வை 15 சதவீதம், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு 10 சதவீதம், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 சதவீதம், பெறுமதி சேர் வரி 18 சதவீதம் என்று அவர் கூறினார். இவற்றைக் கூட்டினால் 45.5 சதவீதம். கணக்கின் வசதிக்காக ஒரு டொலரை 300 ரூபாயாக எடுத்தால் இயந்திரத்தின் விலை 2,760,000 ரூபாய், அதில் 45.5 சதவீதம் 1,255,800 ரூபாய். ஆனால் முகவர் அதே மாற்று வீதத்தில் அனுப்பிய மதிப்பீட்டில் வரி மட்டும் 1,580,250 ரூபாய் என்றிருக்கிறது. கப்பற் கூலி 740 டொலர் என்றும் காப்புறுதி 60 டொலர் என்றும் அதில் குறித்திருக்கிறார். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தன் கூலியை வரிக்குள் வைத்துக் காட்டியிருக்கிறாரோ என்று எங்கள் குழுவில் ஒருவர் ஐயுறுகிறார்.

இன்னுமொரு கேள்வி. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர், இந்தியாவிலிருந்து வாங்கினால் இந்திய இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தின்படி வரியே இல்லை என்கிறார். அது எந்த அளவுக்கு உண்மை? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மாங்குளத்தான் எழுதியது:

தம்பி, முதலில் முகவர் மீதான ஐயத்தை அகற்றிவிடுகிறேன். அவர் சொன்ன வீதங்களை வைத்துக்கொண்டு நான் தனியே கணித்துப் பார்த்தேன். 1,580,250 என்ற தொகை ஒரு ரூபாய் கூடப் பிசகாமல் வருகிறது. ஆகவே அதில் அவருடைய கூலி இல்லை. அந்த வீதங்கள் உங்கள் இயந்திரத்துக்குச் சரியானவைதானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நீங்கள் எப்.ஓ.பி. விலையில் கணித்திருக்கிறீர்கள். இலங்கைச் சுங்கம் தீர்வையை சி.ஐ.எப். பெறுமதியில், அதாவது பொருளின் விலையோடு கொழும்புத் துறைமுகம் வரையிலான கப்பற் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகையில்தான் கணிக்கிறது. 9,200, 740, 60 மூன்றையும் கூட்டினால் சரியாக 10,000 டொலர். 300 ரூபாய்ப்படி 3,000,000 ரூபாய். விற்பவர் கப்பற் கூலியைத் தானே செலுத்தினாலும் நீங்கள் செலுத்தினாலும் இந்தத் தொகை மாறாது. தொழிற்சாலை வாசலில் ஒப்படைக்கும் விலையில் வாங்கினால், அங்கிருந்து சங்ஹாய் வரையிலான உள்நாட்டு லொறிக் கூலியையும் சேர்க்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், நான்கு வரிகளும் ஒரே தொகையின் மீது விதிக்கப்படுவதில்லை. சுங்கத் தீர்வையும், 2011 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான துறைமுக விமான நிலைய அறவீடும் சி.ஐ.எப். பெறுமதியின் மீது நேரடியாக விதிக்கப்படுகின்றன. எனவே தீர்வை 450,000, அறவீடு 300,000. பெறுமதி சேர் வரிக்கோ அடித்தளம் வேறு. 2002 ஆம் ஆண்டின் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, சுங்கப் பெறுமதியைப் பத்துச் சதவீதத்தால் உயர்த்தி, அதனுடன் செலுத்தவேண்டிய சுங்கத் தீர்வை, செஸ் எனப்படும் கூடுதல் இறக்குமதி வரி, துறைமுக அறவீடு, பொருளுக்கு உற்பத்தி வரி இருந்தால் அது ஆகியவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மீதே வரியைக் கணிக்கச் சொல்கிறது. அந்தப் பத்துச் சதவீதம் உண்மையில் எவருக்கும் செலுத்தப்படாத, கணக்குக்காக மட்டும் கூட்டப்படும் தொகை. புதிதாக இறக்குமதி செய்பவர்கள் தவறாமல் இடறுவது இங்கேதான். உங்கள் விடயத்தில் அடித்தளம் 3,300,000 உடன் 450,000 உம் 300,000 உம் சேர்ந்து 4,050,000 ஆகிறது. அதில் 18 சதவீதம் 729,000. 2022 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவ்வாண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் இறக்குமதிகளைப் பொறுத்தவரை இதே அடித்தளத்தையே எடுத்துக்கொள்வதால், 2.5 சதவீதம் 101,250 ஆகிறது. நான்கையும் கூட்டிப் பாருங்கள்: 1,580,250.

இவ்வாறு வீதங்களின் கூட்டுத்தொகை 45.5 ஆக இருந்தாலும், சி.ஐ.எப். பெறுமதியோடு ஒப்பிட்டால் உண்மைச் சுமை 52.675 சதவீதம். உங்கள் வித்தியாசமான 324,450 ரூபாயில் 109,200 ரூபாய் கப்பற் கூலியையும் காப்புறுதியையும் விட்டதால் வந்தது. எஞ்சிய 215,250 ரூபாய் வரியின் மேல் வரி ஏறியதால் வந்தது.

மாற்று வீதம் பற்றியும் ஒரு சொல். 300 என்பது உங்கள் கணக்கு வசதிக்காக எடுத்தது. சுங்கம் எடுப்பது வங்கி உங்களிடம் அறவிட்ட வீதத்தை அல்ல, திணைக்களம் வாராந்தம் வெளியிடும் வீதத்தை. 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாயை அண்மித்திருந்த டொலர் வைகாசியில் 360 ரூபாய் வரை சென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அத்தகைய காலத்தில் எந்த வரி வீதமும் மாறாவிட்டாலும், அதே பத்தாயிரம் டொலர் இயந்திரத்தின் சுங்கப் பெறுமதி இருபது இலட்சத்திலிருந்து முப்பத்தாறு இலட்சமாகி, வரியும் அதே விகிதத்தில் ஏறிவிடும். ஓடரைக் கொடுக்கும் நாளுக்கும் கப்பல் வரும் நாளுக்கும் இடையில் இரண்டு மாதம் சென்றால், கையில் சற்றுக் கூடுதல் பணம் வைத்திருப்பதே புத்தி.

எல்லோரும் எத்தனை சதவீதம் என்றே முதலில் கேட்கிறார்கள். சுங்கத்தில் வேலை நடக்கும் வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் பொருள் எது என்று தீர்மானிக்கிறார்கள், அடுத்து அதன் பெறுமதி என்ன என்று, பிறகு அது எந்த நாட்டில் உற்பத்தியானது என்று. இந்த மூன்றும் முடிந்த பின்னர்தான் வீதம் வருகிறது. ஆகவே முகவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: சுங்கம் பொருளை வகைப்படுத்தும், எட்டு இலக்கங்கள் கொண்ட எந்த எச்.எஸ். குறியீட்டை வைத்து இந்த வீதங்களைச் சொன்னீர்கள்?

வவுனியா வணிகன் எழுதியது:

மாங்குளத்தார் ஐயா கடைசியில் சொன்ன குறியீட்டு விடயத்தை நான் சற்று விரிக்கிறேன். என் அனுபவத்தில் பணம் போவதும் மிஞ்சுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலக சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறைமையிலிருந்து வருபவை. அவை சீனாவிலும் இந்தியாவிலும் இங்கேயும் ஒன்றே. கடைசி இரண்டும் இலங்கை சேர்த்துக்கொண்டவை. தானியம், விதை, பருப்பு வகைகளைத் துப்புரவாக்கும், தெரிவுசெய்யும், தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கான இடம் 8437.10. உங்கள் கலர் சோட்டர் நெல்லையோ அரிசியையோ தெரிவுசெய்வதற்கென்றே அமைந்தது என்றால் அதற்குரிய இடம் அதுதான் என்பது என் கருத்து. ஆனால் விற்பனையாளர்கள் தங்கள் பட்டியலில் கமராவையும் ஒளியியலையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றியே பெருமையாக எழுதிவைப்பதால், அதை வாசிப்பவர் ஒளியியல் அளவீட்டுக் கருவி என்றோ பொதுவான மின் இயந்திரம் என்றோ எண்ணி வேறு தலைப்பில், அதாவது வேறு குறியீட்டு வகையில், போட்டுவிட இடமுண்டு. விற்பனைச் சிட்டையிலும் (இன்வொயிஸ்) விளக்கப் புத்தகத்திலும் அரிசி தெரிவுசெய்யும் இயந்திரம் என்று தெளிவாக எழுதித் தருமாறு உற்பத்தியாளரிடம் இப்பொழுதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த உதிரிப் பாகங்கள். ஆலை இயந்திரத்துக்கான பாகங்கள் என்பதால் அவை எல்லாம் 8437.90 இல் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இறப்பர் பெல்ற் எந்த இயந்திரத்துக்கு மாட்டப்பட்டாலும் 4010 என்ற இறப்பர்த் தலைப்புக்கே செல்லும். குறியீட்டு அட்டவணையில் இயந்திரங்களுக்குரிய 84, 85 ஆம் அத்தியாயங்களுக்கான பிரிவுக் குறிப்பே அதை இயந்திரப் பாகங்களிலிருந்து விலக்கிவிடுகிறது. போல் பெயரிங் 8482 க்குச் செல்லும். தனியே வரும் மோட்டார் 8501. கொம்பிரசரின் இயல்பான இடம் 8414. ஆனால் சோட்டர் பழுதான மணிகளைத் தள்ளுவதே காற்றழுத்தத்தால் என்பதால், இரண்டும் ஒரே சரக்கில் வந்து ஒரே பணியைச் சேர்ந்து செய்யும் தொகுதி என்று காட்டமுடிந்தால், முழுத் தொகுதியையும் பிரதான இயந்திரத்தின் தலைப்பிலேயே வகைப்படுத்துமாறு கேட்க அதே பிரிவுக் குறிப்புகளில் இடமிருக்கிறது. கொம்பிரசரை அடுத்த கப்பலில் தனியே வரவழைத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

ஆகவே 9,200 டொலர் என்று ஒரே வரியில் எழுதிய சிட்டையை ஏற்காதீர்கள். இயந்திரம், கொம்பிரசர், பெல்ற், பெயரிங் ஒவ்வொன்றுக்கும் விலையும் எடையும் தனித்தனியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெறுமதியை எப்படிப் பிரிப்பது என்று துறைமுகத்தில் விவாதம் எழும். விவாதம் நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சரக்கு வைப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

சிட்டை எழுதும்போது கவனிக்கவேண்டிய வேறு ஒன்றும் உண்டு. உற்பத்தியாளரின் தொழில்நுட்பவியலாளர் பரந்தனுக்கு வந்து பொருத்தித் தருவதற்கு ஏதாவது தொகை பேசியிருந்தால், அதை இயந்திரத்தின் விலைக்குள் கரைத்துவிடாமல் வேறாகக் காட்டச் சொல்லுங்கள். இறக்குமதிக்குப் பின்னர் நடக்கும் பொருத்துவேலையும், கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் லொறியில் கொண்டுவரும் கூலியும் சுங்கப் பெறுமதிக்குள் சேராதவை. ஆனால் சிட்டையில் வேறுபடுத்திக் காட்டினால்தான் அந்த விலக்குக் கிடைக்கும். கடனுக்கு வாங்கினால் அதற்கான வட்டியும் அவ்வாறே. மாறாக, விற்பவரின் தரகருக்கு நீங்கள் கொடுக்கும் தரகு பெறுமதிக்குள் சேரும். உங்களுக்காகச் சென்று பொருள் தேடித் தரும் உங்கள் சொந்த முகவரின் கொள்வனவுத் தரகு சேராது. விசித்திரமான வேறுபாடுதான், ஆனால் உலக வர்த்தக அமைப்பின் பெறுமதி உடன்படிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. நம் சுங்கக் கட்டளைச் சட்டமும் 2003 இன் திருத்தத்தோடு அதையே பின்பற்றுகிறது.

விலையைக் குறைத்து எழுதித் தரட்டுமா என்று சீனத் தரப்பிலிருந்து தாமாகவே கேட்பார்கள். ஒருபோதும் சம்மதிக்கவேண்டாம். வங்கி மூலம் நீங்கள் அனுப்பிய பணத்தின் பதிவு ஒருபுறம் இருக்க, அதே வகை இயந்திரங்கள் எந்த விலைக்கு வந்தன என்ற தரவு சுங்கத்திடம் மறுபுறம் இருக்கிறது. பிடிபட்டால் குறைந்த வரியை மட்டும் கட்டிவிட்டுத் தப்பமுடியாது, பொருளே பறிமுதலாகலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதியது:

இந்த இழையை ஆர்வத்துடன் வாசித்தேன். அரிசி ஆலை பற்றிய பேச்சு என்பதால் கேட்கிறேன். இயந்திரத்துக்கு இவ்வளவு நீளமான கணக்கு இருக்கும்போது, இறக்குமதி அரிசிக்கு மட்டும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே வரியில் செய்தி வருகிறதே, அது எப்படி? மேலும், கனடாவில் இருக்கும் என் மைத்துனர் எங்கள் மாவு ஆலைக்கு ஓர் இயந்திரத்தை அன்பளிப்பாக அனுப்ப விரும்புகிறார். விலையே கொடுக்காத பொருளுக்கு எதன் மீது வரி கணிப்பார்கள்?

மாங்குளத்தான் எழுதியது:

அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் போன்ற உணவுப் பண்டங்களுக்காக 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வர்த்தமானியில் குறிக்கப்படும் பண்டத்துக்கு, மற்றைய வரிகள் எல்லாவற்றுக்கும் பதிலாகக் கிலோவுக்கு ஒரு தொகை அறவிடப்படுகிறது. 2024 மார்கழியில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கப்பட்டபோது அது கிலோவுக்கு 65 ரூபாயாக இருந்தது. இம்முறையில் பெறுமதி பற்றிய விவாதமே எழாது. தராசு காட்டுவதுதான் கணக்கு. ஆனால் அதன் விளைவு வேறு விதமானது. கொழும்பில் 150 ரூபாய்க்கு வந்திறங்கும் மலிவான அரிசிக்கு 65 ரூபாய் என்பது 43 சதவீதத்துக்கும் மேற்பட்ட வரி. 200 ரூபாய்க்கு வரும் நல்ல அரிசிக்கு அது 32.5 சதவீதம் மட்டுமே. உலகச் சந்தையில் விலை சரியும்போதுதான் இந்த அறவீடு உள்ளூர் விவசாயிக்குக் கூடுதல் காப்பாகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைப்பவர்கள் இறக்குமதித் தொகை எவ்வளவு என்பதோடு எந்தத் திகதியில் வர்த்தமானி வருகிறது என்பதையும் கவனிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அறுவடை தொடங்கும் வாரத்தில் துறைமுகத்துக்கு வரும் அரிசியும் அதற்கு முன்னரே வந்துவிட்ட அரிசியும் நெல் விலையை ஒரே விதமாகத் தாக்குவதில்லை.

சில பொருட்களுக்குச் சுங்கத் தீர்வையோ செஸ் வரியோ சதவீதமாகவும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்றும் இரண்டு விதமாக எழுதப்பட்டு, எது கூடுதலோ அது அறவிடப்படும் என்றிருக்கும். அங்கே இரண்டையும் கணித்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

அன்பளிப்பைப் பற்றி: கொடுத்த விலை பூச்சியம் என்பதால் பெறுமதியும் பூச்சியம் ஆகிவிடாது. சுங்கப் பெறுமதிக்கான முதல் முறை, கொடுத்த அல்லது கொடுக்கவேண்டிய விலை. அதற்கு ஒரு விற்பனை நடந்திருக்கவேண்டும். அன்பளிப்பில் விற்பனை இல்லாததால் அம்முறை பொருந்தாது. அடுத்த முறைகளுக்குச் செல்வார்கள். முதலில் அதே பொருள் ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைக்கு எந்த விலைக்கு ஏற்றுமதியானது என்று பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் அதை ஒத்த பொருளை. அதுவும் இல்லாவிட்டால் உள்ளூர் விற்பனை விலையிலிருந்து இலாபத்தையும் வரிகளையும் உள்ளூர்ச் செலவுகளையும் கழித்து வரும் தொகையை. பிறகு உற்பத்திச் செலவிலிருந்து கூட்டி வரும் தொகையை. எதுவும் இயலாவிட்டால் இம்முறைகளையே நியாயமாகத் தளர்த்தி ஒரு பெறுமதியை. மைத்துனர் அந்த இயந்திரத்தைக் கனடாவில் வாங்கிய பற்றுச்சீட்டைப் பெட்டியுடன் அனுப்பச் சொல்லுங்கள். அது கேள்வியை முடித்துவைக்காது, ஆனால் அதிகாரி எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஓர் ஆதாரமாக இருக்கும். பாவித்த இயந்திரமாக இருந்தால், பாவித்த பொருட்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்பதை அனுப்புவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ள மறவாதீர்கள்.

கணக்குப் பாட ஆசிரியர் எழுதியது:

மேலே உள்ள விளக்கங்கள் தெளிவாக இருப்பதால் இரண்டு குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, செஸ் வரியும் உற்பத்தி வரியும் இல்லாத பொருளுக்கு முழுக் கணக்கையும் மனதிலேயே போட்டுவிடலாம். சி.ஐ.எப். பெறுமதியை 100 என்று வையுங்கள். சுங்கத் தீர்வை வீதத்தையும் துறைமுக அறவீட்டு வீதத்தையும் கூட்டி ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை 110 உடன் சேர்த்து, 20.5 சதவீதம் எடுங்கள். அது 18 உம் 2.5 உம் சேர்ந்தது. இரண்டையும் கூட்டினால் மொத்தச் சுமை. உங்கள் கணக்கில் 25 ஒரு பக்கம். 135 இல் 20.5 சதவீதம் 27.675, மொத்தம் 52.675. இதிலிருந்து, தீர்வையில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு ஒரு ரூபாய் இருபது சதத்துக்கு மேல் செலவு என்பதும் விளங்கும்.

இரண்டாவது, செலுத்தும் நான்கும் ஆலைக்கு ஒரே தன்மையான செலவுகள் அல்ல. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்த நிறுவனம், துறைமுகத்தில் செலுத்திய அந்த வரியை உட்பாய வரியாக, அதாவது வாங்கும்போதே கட்டிய வரியாக, தன் விற்பனை வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடியும். மற்றைய மூன்றையும் கழிக்கமுடியாது. அவை இயந்திரத்தின் அடக்கவிலையோடு சேர்ந்துவிடும். ஆனால் இந்தச் சலுகை வரிக்குட்பட்ட விற்பனை உள்ளவர்களுக்கே உரியது. வரிவிலக்களிக்கப்பட்ட பொருளை மட்டும் விற்பவர், எவ்வளவு பெரிய ஆலையாக இருந்தாலும், உட்பாய வரியைக் கோரமுடியாது. 2024 தை முதல் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாய் விற்பனை என்று ஆக்கப்பட்டது. சிறிய கூட்டு ஆலைகள் பல அதற்குக் கீழேயே நின்றன. எனவே 729,000 ரூபாயைப் பின்னர் திரும்பக் கிடைக்கும் பணமாக எண்ணித் திட்டமிடாமல், உங்கள் கணக்காளருடன் இருந்து இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது இது முக்கியமாகும்.

பரந்தன் ஆலை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி முகவரிடம் குறியீட்டைக் கேட்டோம். உற்பத்தியாளரின் விளம்பரத் தாளில் ஒளியியல் மின் இயந்திரம் என்று மட்டுமே இருந்ததால், அரிசி என்ற சொல்லையே காணாமல், வேறொரு தலைப்பின் வீதத்தை எடுத்ததாகக் கூறினார். முழு விளக்கப் புத்தகத்தையும் கேட்டிருக்கிறார். அதைப் பார்த்த பின்னர் 8437.10 இன் கீழ் மீண்டும் கணித்துத் தருவார். குழுவிலிருந்த ஐயமும் தீர்ந்தது. கோயம்புத்தூர் வியாபாரி சொன்னது பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. அவருடைய இயந்திரத்தின் விலை சீன இயந்திரத்தைவிட ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபாய் கூடுதல்.

மாங்குளத்தான் எழுதியது:

இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 மார்கழியில் கையெழுத்தாகி 2000 பங்குனியில் நடைமுறைக்கு வந்தது. அதன் சலுகை சுங்கத் தீர்வைக்கானது. வரியே இல்லை என்று வியாபாரி சொல்வதை, சுங்கத் தீர்வை இல்லை அல்லது குறைவு என்ற அளவுக்கே எடுத்துக்கொள்ளவேண்டும். பெறுமதி சேர் வரி அதனால் நீங்காது. இலங்கை தன் பக்கத்தில் சலுகை வழங்காத பொருட்களின் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்கிறது. உங்கள் குறியீடு அதில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, இந்தியாவிலிருந்து கப்பலேறும் பொருள் எல்லாம் இந்தியப் பொருள் ஆகிவிடாது. அங்கு சேர்க்கப்பட்ட பெறுமதி எப்.ஓ.பி. விலையில் குறைந்தது 35 சதவீதமாக இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மூலப்பொருட்களின் நான்கு இலக்கத் தலைப்பும் முடிவுப் பொருளின் தலைப்பும் வேறாக இருக்கவேண்டும். பொருள் நேரடியாக இங்கே அனுப்பப்படவேண்டும். இவற்றுக்கான உற்பத்தி நாட்டுச் சான்றிதழை அங்குள்ள ஏற்றுமதிப் பரிசோதனைச் சபை வழங்குகிறது. சீனாவில் செய்த இயந்திரத்தைக் கோயம்புத்தூரில் பெயர்ப்பலகை மாற்றி விற்றால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அவரிடம் விலையைப் பேசுவதற்கு முன்னர், சான்றிதழ் தருவதாக எழுத்தில் வாங்குங்கள்.

இனி உங்கள் கேள்விக்கான கணக்கு. சுங்கத் தீர்வை உண்மையிலேயே 15 சதவீதம் என்றால், சீன இயந்திரம் வரியோடு 4,580,250 ரூபாய் ஆகிறது. தீர்வையில்லாமல் வரும் இந்திய இயந்திரத்தின் சுமை 34.6 சதவீதம். ஆகவே அதன் சி.ஐ.எப். பெறுமதி ஏறத்தாழ 3,402,000 ரூபாய் வரை இருந்தாலும் அது மலிவே. மூன்று இலட்சம் கூடுதல் என்பது அந்த எல்லைக்குள் அடங்கும். ஆனால் 8437.10 இன் கீழ் சரியான குறியீட்டைப் பார்க்கும்போது பொதுத் தீர்வையே பூச்சியம் என்று வந்தால், சான்றிதழ் எதையும் சேமித்துத் தராது. சீன இயந்திரம் 4,038,000 ரூபாயில் முடிய, இந்திய இயந்திரம் அந்த மூன்று இலட்சத்தையும் அதன் மேலேறும் வரியையும் சேர்த்து நாலு இலட்சத்துக்கும் மேல் கூடுதலாகிவிடும். அதாவது எந்த நாட்டில் வாங்குவது என்ற தீர்மானமே அந்த எட்டு இலக்கங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முகவரின் சொல்லை மட்டும் நம்பியிருக்கவும் தேவையில்லை. சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தீர்வை அட்டவணை இருக்கிறது. 2018 இல் தொடங்கப்பட்ட இலங்கை வர்த்தகத் தகவல் தளத்திலும் குறியீட்டைக் கொடுத்துத் தேடலாம். குறியீட்டில் ஐயம் நீங்காவிட்டால், பொருள் வருவதற்கு முன்னரே விளக்கப் புத்தகத்துடன் விண்ணப்பித்து முன்கூட்டிய வகைப்படுத்தல் தீர்மானம் ஒன்றைச் சுங்கத்திடமிருந்து எழுத்தில் பெற வழியிருக்கிறது. அது கைக்கு வரும்வரை எந்த நாட்டு விற்பனையாளருக்கும் முற்பணம் அனுப்பவேண்டாம். இயந்திரம் விடுவிக்கப்பட்ட பின்னர் சுங்கப் பிரகடனத்தின் பிரதியை முகவரிடமிருந்து கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் எந்த அடித்தளத்தில், எந்த வீதத்தில், எவ்வளவு அறவிடப்பட்டது என்பது அதில் வரிவரியாக இருக்கும். முகவரின் கட்டணம், கப்பல் நிறுவனத்தின் விடுவிப்புக் கட்டணம், துறைமுகச் செலவு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. அவற்றுக்கு வேறு பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.